கணினிக் கேள்வி-பதில்: செக்ரோலில் பெயர் இல்லாத பெட்டி

இந்த மாதம் தபாலிலும் வட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியவை. மெயின்ஃப்ரேம் என்ற பெரிய நிறுவனக் கணினிகளின் பழைய முறைமைகள் வலையமைப்புப் பெட்டிகளை எப்படி அடையாளம் கண்டன, ஏன் சிலவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் அது. மலையகத்தில் இத்தனை பேர் இதில் கைவைத்திருக்கிறார்கள் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

ஐயா, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஒரு பழைய லேப்டொப்பில், ஐபிஎம் மெயின்ஃப்ரேம் போல நடிக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரைப் போட்டு, ஐபிஎம்மின் எம்விஎஸ் 3.8ஜே என்ற இயங்கு முறைமையை ஓடவிட்டிருக்கிறேன். அதை ஈதர்நெட்டோடு இணைக்க ஆசை. ஹெர்குலிஸின் அமைப்புக் கோப்பில் எல்சிஎஸ் என்ற வலையமைப்புச் சாதனத்தை 500, 501 என்ற முகவரிகளில் சேர்த்தேன். ஹெர்குலிஸ் ஏற்றுக்கொள்கிறது. எம்விஎஸ் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை, ஒரு பிழைச்செய்தி கூட இல்லை. இரண்டு கிழமையாகத் தேடுகிறேன். எங்கே பிழை?
– ஒரு வாசகர், கொட்டகலை

தம்பி, பிழைச்செய்தி கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விடை இருக்கிறது. 500 என்ற முகவரியில் ஒன்று இருப்பதே எம்விஎஸ்ஸுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி அது எப்படி முறையிடும்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவை மேல் டிவிசனிலிருந்து கீழ் டிவிசனுக்கு மாற்றினார்கள். அம்மா விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார், மலை ஏறினார், மற்றவர்களோடு வரிசையில் நின்று கொழுந்து நிறுத்தார். மாதக் கடைசியில் சம்பளம் இல்லை. மேல் டிவிசன் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயரேட்டில், பெயரை வெட்டிவிட்டார்கள், கீழ் டிவிசன் செக்ரோலில் எழுதவில்லை. கணக்கப்பிள்ளை அம்மாவைத் தினமும் கண்ணால் கண்டவர்தான். ஆனால் சம்பளம் போடுகிறவர் மலையைப் பார்த்துப் போடுவதில்லை, ஏட்டைப் பார்த்துத்தான் போடுகிறார். அந்த மாதம் எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஐபிஎம்மின் பழைய முறைமைகள் வைத்திருப்பதும் ஒரு செக்ரோல்தான். இப்போதைய கணினியில் ஒரு யூஎஸ்பியைச் செருகினால், கணினி அதனிடமே நீ யார் என்று கேட்டு அறிந்துகொள்ளும். 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 தொடங்கி உங்கள் எம்விஎஸ் 3.8 வரை அந்த வழக்கமே இல்லை. முறைமையைக் கட்டும்போது, அதாவது சிஸ்ஜென் செய்யும்போது, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐஓடிவைஸ் என்ற மெக்ரோவில் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்: இதன் முகவரி இது, வகை இது. அந்த வரியிலிருந்து நினைவகத்தில் யூசிபி என்ற சிறு கட்டம் ஒன்று உருவாகும். முறைமை எழும்பும்போது தன்னிடமுள்ள யூசிபிக்களை எடுத்து, அந்தந்த முகவரியில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்கும். பதில் வராவிட்டால் ஓஃப்லைன் என்று குறித்து வைக்கும். யூசிபி இல்லாத முகவரியை அது தட்டிப் பார்ப்பதே கிடையாது. அந்த முகவரியிலிருந்து தானாக ஒரு குறுக்கீடு வந்தாலும், இது யாருடையது என்று ஏட்டில் தேடும், பெயர் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடும்.

1980களில் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணினி அறையில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். புதிதாக ஒரு கிளைக்கு லைன் இழுத்தார்கள். மூன்று கிழமை ஆகியும் உயிர் வரவில்லை. மொடத்தை இரண்டு முறை மாற்றினார்கள், தரையைப் பெயர்த்துக் கேபிளைப் பார்த்தார்கள். ஓர் இரவு வேலை குறைவாக இருந்ததால், முறைமைக்குக் கொடுத்த சாதனப் பட்டியலின் அச்சுக் கடதாசியை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். 032 என்று இருக்க வேண்டிய இடத்தில் 023 என்று இருந்தது. தட்டியது நானேதான். அதற்குப் பிறகு எந்தச் சாதனம் பேசாவிட்டாலும் முதலில் கேபிளைத் தொடுவதில்லை, பட்டியலைத்தான் தொடுகிறேன். நீங்களும் எம்விஎஸ் கொன்சோலில் 500க்கான டிஸ்ப்ளே யூனிட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அந்த முகவரி அதற்குத் தெரியாது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இனி, ஏன் தெரியாது என்பது. எல்சிஎஸ் என்ற பெயர் ஐபிஎம் 8232 லேன் செனல் ஸ்டேஷன் என்ற பெட்டியிலிருந்து வந்தது. உள்ளே இருந்தது தொழிற்சாலைப் பாவனைக்கான பீசி ஏடி ஒன்று. அதில் ஒரு பக்கம் மெயின்ஃப்ரேம் செனலுக்கான, அதாவது சாதனங்களோடு அது பேசும் பாதைக்கான அட்டை, மறுபக்கம் ஈதர்நெட் அல்லது டோக்கன் ரிங் அட்டை. அது 1980களின் பிற்பாதியில் வந்தது. அதற்குப் பின் 1989இல் 3172 வந்தது. உங்கள் கையிலுள்ள எம்விஎஸ் 3.8 வளர்ச்சி 1980களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பிறக்காத பிள்ளைக்கு ஏட்டில் பெயர் எழுத முடியாது அல்லவா?

ஆனாலும் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஐஓடிவைஸ் மெக்ரோவில் டம்மி என்று ஒரு வகை உண்டு. முறைமை அறியாத சாதனத்துக்கு அந்த வகையைக் கொடுத்து, சாதன வகைக்கான எண்ணை நாமே எழுதலாம். அந்த எண்ணில் ஒரு பைட், சாதனம் எந்த வகுப்பு என்று சொல்கிறது. பதினாறின் அடிமான எண்களில் 80 என்றால் டேப், 20 என்றால் டிஸ்க், 10 என்றால் திரை, 08 என்றால் கார்ட் வாசிப்பான், பிரிண்டர் போன்றவை, 40 என்றால் தொலைத்தொடர்பு. இதில் கவனம் வேண்டும். ஈதர்நெட் பெட்டிக்கு டிஸ்க் வகுப்பைக் கொடுத்துவிட்டால், எம்விஎஸ் எழும்பும்போதே அதனிடம் டிஸ்க்கின் பெயரான வொலியூம் லேபலை வாசிக்கப் போகும். 40ஐக் கொடுத்தால் அப்படி வலியப் போய்த் தொந்தரவு செய்யாது.

பெயர் எழுதியாயிற்று, இனி வேலை யார் கொடுப்பது? அதுதான் பெரிய பாடு. எம்விஎஸ் 3.8இல், இணையத்தின் பாஷையான டிசிபி/ஐபி கிடையாது. அதிலுள்ள வீட்டாம், டீகாம் என்ற தொடர்பு மென்பொருள்களுக்கும் இந்தப் பெட்டியின் பாஷை தெரியாது. எக்சிபி என்ற மெக்ரோவால் உங்கள் சொந்தச் செனல் புரோகிராமை நீங்களே ஓடவிட வேண்டும். செனல் புரோகிராம் என்பது எட்டு பைட் நீளமான சிசிடபிள்யூக்களின் வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை, 24 பிட் நினைவக முகவரி, கொடிகள், எத்தனை பைட் என்ற எண்ணிக்கை இவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். அதன்மேல் டிசிபி/ஐபி முழுவதையும் அசெம்பிளரில் எழுதுவதென்றால் வருடக்கணக்கு.

குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. எந்த உண்மையான ஐபிஎம் இயந்திரத்திலும் இல்லாத ஒரு கட்டளையை, பதினாறின் அடிமானத்தில் 75 என்ற எண்ணோடு, ஹெர்குலிஸில் சேர்த்திருக்கிறார்கள். எம்விஎஸ்ஸில் ஓடும் புரோகிராம் அதைக் கூப்பிட்டால், உங்கள் லேப்டொப்பின் சொந்த டிசிபி/ஐபி அந்த வேலையைச் செய்து கொடுக்கும். இதை வைத்து எம்விஎஸ்ஸுக்குக் கோப்பு அனுப்பும் எஃப்டிபி சேவகன் கூட எழுதியிருக்கிறார்கள். கோப்பு அனுப்புவதுதான் நோக்கமென்றால் இன்றைக்கே இதைப் பாவியுங்கள். செனலையும் யூசிபியையும் புரிந்துகொள்வதுதான் ஆசையென்றால் இது உதவாது, ஏனென்றால் தரவு செனல் பக்கமே போகாது. அந்த ஆசைக்கு, கீழே ஹட்டன் தங்கச்சிக்கு எழுதியிருக்கும் சிடிசி என்ற நேரடி இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே மெயின்ஃப்ரேமைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகக் காட்டும் விஎம்/370 என்ற ஐபிஎம் முறைமையின் போக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சாதனப் பட்டியல் டிஎம்கேஆர்ஐஓ என்ற தொகுதியில் இருக்கும். தனக்குத் தெரியாத சாதனத்துக்கும் முகவரியும் வகுப்பும் எழுதிக் கொடுத்தால், விஎம் அதை அட்டாச் கட்டளையால் ஒரு மெய்நிகர் இயந்திரத்திடம் அப்படியே ஒப்படைத்துவிடும். சிசிடபிள்யூக்களின் முகவரிகளை மாற்றிக் கொடுப்பது மட்டும் அதன் வேலை. பேச்சு முழுவதும் விருந்தாளி முறைமையின் பாடு. விசித்திரமான வன்பொருள் வைத்திருந்த பல்கலைக்கழகங்களுக்கு விஎம் பிடித்துப்போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

*

கணிதம் கற்பிக்கிறேன். ஓய்வு நேரத்தில் பழைய ஐபிஎம் கையேடுகளை வாசிப்பேன். ஒரு நிறுவல் விவரத்தில் இருக்கும் பெட்டி 3705 என்று எழுதியிருக்கிறது. அதே நிறுவலின் சாதனப் பட்டியலில் 3705 என்ற சொல்லே இல்லை, 2703 என்று வரிசையாகப் பதினாறு முகவரிகள். எது சரி?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

இரண்டும் சரி டீச்சர். இப்படி ஒரு முரணைக் கண்டு நின்று யோசிக்கும் கண் எல்லோருக்கும் வாய்க்காது.

2703 சிஸ்டம்/360 காலத்துத் தொலைத்தொடர்புப் பெட்டி. செய்ய வேண்டிய வேலை முழுவதும் அதன் சுற்றுக்களிலேயே பதிந்திருந்தது. உச்ச அளவில் 176 மெதுவான லைன்கள் வரை தாங்கும். 1972இல் வந்த 3705 உள்ளுக்குள் ஒரு சிறு கணினி. அதற்குள் எந்தப் புரோகிராமை ஏற்றுகிறோமோ அதுவாக அது நடந்துகொள்ளும். ஈபி என்ற புரோகிராமை ஏற்றினால், அது 2701, 2702, 2703 ஆகிய பழைய பெட்டிகளைப் போலவே செனலில் பதில் சொல்லும். மெயின்ஃப்ரேமிலுள்ள பழைய மென்பொருளில் ஓர் எழுத்தைக் கூட மாற்ற வேண்டியதில்லை. என்சிபி என்ற மற்றப் புரோகிராமை ஏற்றினால், 1974இல் ஐபிஎம் அறிவித்த எஸ்என்ஏ என்ற வலையமைப்புக் கட்டமைப்பின்படி நடக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் பெப் என்ற மூன்றாவதும் உண்டு.

உள்ளே எது ஓடியது என்று பட்டியலை மட்டும் வைத்தே கண்டுபிடிக்கலாம். முகவரிகளை எண்ணுங்கள். ஈபியில் லைன் ஒன்றுக்கு ஒரு முகவரி, 2703இல் இருந்தது போலவே. என்சிபியில் பெட்டி முழுவதற்கும் ஒரே முகவரி, எத்தனை லைன் இருந்தாலும். நீங்கள் கண்டது பதினாறு. ஆகவே அந்த 3705 ஈபியில் ஓடியிருக்கிறது, அதில் பதினாறு லைன்களுக்கு இடம் எழுதியிருக்கிறார்கள். பதினாறோடு தனியாக ஒரு 3705 முகவரியும் பட்டியலில் இருந்திருந்தால் பெப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

2703இன் வேலையைச் செய்தது ஐபிஎம்மின் பெட்டி மட்டும் அல்ல. 1960களின் கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு பிடிபி-8 சிறு கணினியைத் தங்களின் 360/67 இயந்திரத்தின் செனலிலேயே மாட்டி, தொலைத்தொடர்பு வேலை முழுவதையும் அதனிடம் கொடுத்தார்கள். வேறு கம்பனியின் கணினியை ஐபிஎம் செனலில் மாட்டுவதென்றால் அன்றைக்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

*

எங்கள் லயத்து வீட்டில் இருப்பது பழைய லேப்டொப். நான்கு ஜிபி நினைவகம். மெயின்ஃப்ரேம் ஓடுமா?
– மஸ்கெலியா வாசகர்

தாராளமாக. எம்விஎஸ் 3.8இன் முகவரி 24 பிட், அதாவது 16 எம்பிக்கு மேல் அதனால் பார்க்கவே முடியாது. உங்கள் லேப்டொப் அன்றைய ஒரு கணினி அறை முழுவதையும் சுமக்கும். ராஸ்பெரி பையில் கூட ஓடவிடுகிறார்கள். கரண்ட் அடிக்கடி போகுமென்றால் மட்டும், எம்விஎஸ்ஸை முறையாக நிறுத்திவிட்டு லேப்டொப்பை மூடப் பழகுங்கள்.

*

ஹெர்குலிஸில் பழைய மெயின்ஃப்ரேம் லினக்ஸ் ஒன்றை ஓடவிட்டேன். ஈதர்நெட் சாதனத்தையும் 3088 என்கிறது, சிடிசி என்ற நேரடி இணைப்பையும் 3088 என்கிறது. இரண்டும் ஒரே பெட்டியா? குழப்பமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, ஹட்டன்

ஒரே பெட்டி இல்லை தங்கச்சி, ஒரே குடும்பப் பெயர். பெயருக்குப் பின்னால் வரும் மாதிரி எண்ணைப் பாருங்கள். லினக்ஸின் பழைய டிரைவரில் 3088க்கு எதிரே 08 என்றால் அசல் சிடிசி. 60 என்றால் எல்சிஎஸ் போலப் பேசும் ஓஎஸ்ஏ ஈதர்நெட் அட்டை. 01 என்றால் பீ/390 என்ற சிறிய இயந்திரத்தின் வலையமைப்பு அட்டை. 61 என்றால் சிஸ்கோ ரவுட்டர், அதுவும் குளோ என்ற வேறொரு பாஷையில் பேசும். நான்கும் வெவ்வேறு வன்பொருள். நான்கும் செனலில் வந்து நின்று 3088 என்கின்றன.

எப்படி இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், சிடிசியிலிருந்து தொடங்க வேண்டும். செனலின் ஒரு முனையில் கணினியும் மறுமுனையில் டிஸ்க், டேப் போன்ற சாதனமும் இருப்பது வழமை. சிஸ்டம்/360 காலத்திலேயே, செனல்-டு-செனல் அடெப்டர் என்று ஒன்றைச் செய்து இரண்டு கணினிகளின் செனல்களை ஒன்றோடொன்று கோத்தார்கள். ஒவ்வொரு கணினிக்கும் எதிரே இருப்பது ஒரு சாதனம் போலவே தெரியும், ஆனால் அது இன்னொரு கணினி. பின்னாளில் பல கணினிகளை ஒரே பெட்டியில் கோர்க்கும் 3088 வந்தது. ஏற்கெனவே ஏட்டில் இருந்த பெயர் அது. வலையமைப்புக்கென்று புதிதாக வந்த பெட்டிகளும் அதே பெயரில் நுழைந்துகொண்டன.

சிடிசியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கைகுலுக்கல். எங்கள் தோட்டத்தில் மேல் மலையிலிருந்து இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து மூட்டை கம்பியில் இறங்கும். மேலே நிற்பவர் மூட்டையைக் கொளுவிவிட்டு உடனே தள்ளிவிட மாட்டார். முதலில் கம்பியைத் தடியால் தட்டுவார். அந்த அதிர்வு கீழே போகும். கீழே நிற்பவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்து பதிலுக்குத் தட்டுவார். பிறகுதான் மூட்டை. சிடிசியில் அனுப்ப விரும்பும் கணினி கொன்ட்ரோல் என்ற கட்டளையைக் கொடுக்கும், எண் 07. எதிர்ப்பக்கக் கணினிக்கு அட்டென்ஷன் என்ற குறுக்கீடு போகும். அது, எதிர்ப்பக்கம் என்ன கட்டளை கொடுத்தது என்று அறிய 14 என்ற கட்டளையால் கேட்கும். கொன்ட்ரோல் என்று தெரிந்ததும் வாசிப்பதற்கான 02ஐக் கொடுத்துக் காத்திருக்கும். அனுப்புபவர் எழுதுவதற்கான 01ஐக் கொடுப்பார். ஒருவரின் எழுத்தும் மற்றவரின் வாசிப்பும் சந்திக்கும் அந்தக் கணத்தில்தான் தரவு நகரும். இடையில் எங்கும் சேமிப்பு இல்லை. ஒருவர் எழுத, மற்றவர் வாசிக்க வராவிட்டால், எழுதியவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

கொட்டகலைத் தம்பிக்கு இதைத்தான் சிபாரிசு செய்தேன். இரண்டு ஹெர்குலிஸ்களை ஓடவிட்டு, இரண்டுக்கும் நடுவில் சிடிசி ஒன்றைக் கோத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரே ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள். எம்விஎஸ் 3.8க்கு சிடிசியைத் தெரியும், அதன் ஏட்டில் அதற்கென்று வகுப்பே இருக்கிறது. நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர் வேறு.

*

நான் புகையிரதப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். பேரன் பழைய கணினி லைன்களைப் பற்றிச் சொல்லும்போது, ஒரே லைனில் இரு பக்கமும் மாறி மாறிப் பேசும் என்கிறான். எங்கள் மேல்நாட்டுப் பாதை சிங்கிள் லைன். டெப்லட் என்ற அனுமதி வட்டு கையில் இல்லாமல் டிரைவர் ரயிலை நகர்த்த மாட்டார். கணினி லைனில் டெப்லட் எது? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புறப்பட்டால்?
– நானுஓயா வாசகர்

ஐயா, இப்படி ஒரு கேள்வியை இந்தப் பகுதியில் இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் பேரன் சொல்வது அநேகமாக பிஎஸ்சி என்ற ஒழுங்கு. 1967இல் ஐபிஎம் கொண்டுவந்தது. பேச விரும்புகிறவர் முதலில் சின் என்ற எழுத்தை இரண்டு தடவை அனுப்புவார், எதிரிலிருப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காக. அடுத்து என்க் என்ற எழுத்து. லைன் கிளியரா என்று அடுத்த ஸ்டேஷனைக் கேட்பதைப் போன்றது அது. எதிர்ப்பக்கம் ஏக்-0 என்று சொன்னால் பாதை உங்களுடையது. தரவு போகும். கடைசியில் இஓடி என்ற எழுத்தை அனுப்பினால் டெப்லட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் என்க் அனுப்புவதும் நடக்கும். டெப்லட் கருவியில் ஒரு டெப்லட் வெளியே இருக்கும்போது இன்னொன்று வெளியே வராதபடி மின்சாரப் பூட்டு இருக்கிறது. பிஎஸ்சியில் அப்படியொரு பூட்டு இல்லை, முன்கூட்டிய ஏற்பாடு ஒன்றுதான். ஒரு முனையை முதன்மை என்றும் மற்றதைத் துணை என்றும் முதலிலேயே வைத்துவிடுவார்கள். மோதினால் முதன்மை விடாமல் திரும்பக் கேட்கும், துணை விட்டுக்கொடுக்கும். இரண்டு முனையையும் தவறுதலாக முதன்மை என்று அமைத்துவிட்டால், அம்பேவெலவிலிருந்தும் பட்டிப்பொலவிலிருந்தும் ஒரே நேரத்தில் ரயிலை விட்ட கதைதான்.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். ஒரு பகுதி தரவு சரியாக வந்தால் பதில் ஏக்-1, அடுத்ததற்கு ஏக்-0, பிறகு மீண்டும் ஏக்-1 என்று மாறி மாறித்தான் வரும். பதில் வழியில் தொலைந்துபோனால், அனுப்பியவர் கடைசிப் பதிலை மறுபடி சொல்லும்படி கேட்பார். எதிர்பார்த்த எண் வந்தால் தரவு சேர்ந்துவிட்டது, பதில்தான் தொலைந்தது. மற்ற எண் வந்தால் தரவே சேரவில்லை, மறுபடி அனுப்ப வேண்டும். ஒரேயொரு பிட் வித்தியாசத்தில் எவ்வளவு தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

அசல் டெப்லட்டையே கணினிக்குள் பார்க்க வேண்டுமென்றால், 1985இல் ஐபிஎம் கொண்டுவந்த டோக்கன் ரிங்கைப் பற்றிப் பேரனிடம் கேளுங்கள். வினாடிக்கு நான்கு மெகாபிட் வேகம். வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு செய்திதான் டோக்கன். அதைப் பிடித்தவர் மட்டும் பேசலாம்.

*

இணையத்தின் முதல் நாட்களில் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் இருந்ததா?
– தலவாக்கலை வாசகர்

இருந்தது. 1969இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் நான்கு இடங்களில் ஒன்றான சாண்டா பார்பரா கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நின்றது 360/75. வலையமைப்பின் பக்கம் ஹனிவெல் சிறு கணினியால் செய்த ஐஎம்பி என்ற பெட்டி. அதற்கும் ஐபிஎம் செனலுக்கும் நேரடிப் பொருத்தம் கிடையாது, நடுவில் தனியாக ஓர் இடைமுகம் வேண்டியிருந்தது. பின்னாளில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் விஎம்முக்கு டிசிபி/ஐபி எழுதியபோதும் இதே பிரச்சினைதான். 7170 என்ற பெட்டியை நடுவில் வைத்து, டெக் கம்பனிக் கணினிகளின் யூனிபஸ் என்ற இணைப்புக்கான அட்டைகளை ஐபிஎம் செனலில் மாட்டினார்கள். 1987இல் ஐபிஎம்மின் சொந்த விஎம் டிசிபி/ஐபி வந்தது. பெரும்பகுதி பாஸ்கலில் எழுதப்பட்டது.

*

ஹெர்குலிஸில் 2703 லைன் ஒன்றில் ஆஸ்கி டேர்மினலை இணைத்து, வந்த எழுத்துகளை எந்த மாற்றமும் செய்யாமல் பிரிண்ட் பண்ணும் புரோகிராம் எழுதினேன். பெரிய ‘ஏ’ (A) அடித்தால் சின்ன ‘பீ’ (b) வருகிறது. பெரிய ‘பீ’ (B) அடித்தால் வெற்றிடம். பெரிய ‘ஜீ’ (G) அடித்தால் பெரிய ‘எஸ்’ (S). ஆனால் பெரிய ‘சீ’ (C) அடித்தால் சரியாகப் பெரிய ‘சீ’யே வருகிறது! மூன்று பிழை, ஒன்று சரி. பைத்தியம் பிடிக்கிறது.
– அப்புத்தளை வாசகர்

இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு இரவு ஒரு மணிவரை கடதாசியில் பிட்களை எழுதிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். நீங்கள் ‘சீ’யையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. அது இல்லாமல் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆஸ்கி என்பது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒரு குறியீடு. ஆஸ்கி டேர்மினல் ஓர் எழுத்தின் ஏழு பிட்களை வாலிலிருந்து தலைக்கு, அதாவது கடைசிப் பிட்டை முதலில் அனுப்பும். எட்டாவதாக, ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் பரிட்டி என்ற சரிபார்ப்புப் பிட் போகும். ஐபிஎம்மின் சொந்த டேர்மினல்கள் தலைப் பிட்டை முதலில் அனுப்பியவை. அதனால் 2703, முதலில் வந்த பிட்டைப் பைட்டின் தலைப்பக்கம் வைத்தது. ஆஸ்கி எழுத்து அதற்குள் வந்தால் தலைகீழாகத்தான் உட்காரும். உண்மையான 2703இலும் இப்படித்தான், ஹெர்குலிஸ் அதை விசுவாசமாகச் செய்கிறது.

‘ஏ’ ஆஸ்கியில் 1000001. திருப்பினாலும் அதேதான். அதில் இரண்டு ஒன்றுகள் இருப்பதால் இரட்டைப்படைப் பரிட்டி 0, அது கடைசியில் ஒட்டும். ஆக 10000010. ஐபிஎம்மின் எப்சிடிக் குறியீட்டில் அது சின்ன ‘பீ’. ‘ஜீ’ 1000111. திருப்பினால் 1110001. நான்கு ஒன்றுகள், பரிட்டி 0. ஆக 11100010. எப்சிடிக்கில் பெரிய ‘எஸ்’. பெரிய ‘பீ’ 1000010. திருப்பி 0 ஒட்டினால் 01000010. அடிப்படை எப்சிடிக்கில் அங்கே எழுத்து ஒன்றும் இல்லை, அதனால் வெற்றிடம்.

இப்போது ‘சீ’. ஆஸ்கியில் 1000011. திருப்பினால் 1100001. மூன்று ஒன்றுகள், ஆகவே பரிட்டி 1. சேர்த்தால் 11000011. எப்சிடிக்கில் பெரிய ‘சீ’யின் எண்ணும் 11000011 தான். முற்றிலும் தற்செயல். சரியாக வந்த எழுத்தும் மற்ற மூன்றைப் போலவே தலைகீழாகத்தான் வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது, 256 பைட் அட்டவணை ஒன்று. வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் எதிரே உரிய எப்சிடிக் எழுத்தை வையுங்கள். 10000010 என்ற இடத்தில் ‘ஏ’க்கான 11000001, இப்படி. சிஸ்டம்/360இன் டிஆர் கட்டளை 256 பைட்களை ஒரே முறையில் மாற்றிக் கொடுக்கும். அனுப்புவதற்கு எதிர்த்திசையில் இன்னோர் அட்டவணை வேண்டும், அதில் பரிட்டியையும் நீங்களே போட வேண்டும். பழைய பீட்டாம் என்ற ஐபிஎம் தொடர்பு மென்பொருளோடு வந்த டெலிடைப் அட்டவணைகளைத் திறந்து பாருங்கள், இதே தலைகீழ் மதிப்புகள் அங்கே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டேர்மினலை மாற்றிய பிறகு ‘ஏ’ அடித்தால் சின்ன ‘பீ’க்குப் பதிலாகச் சின்ன ‘சீ’ வருமானால் பயப்பட வேண்டாம். அந்த டேர்மினல் பரிட்டியைக் கணக்கிடாமல் எப்போதும் 1 என்றே அனுப்புகிறது என்று அர்த்தம், 10000011. அப்போது அட்டவணையில் அந்த இடத்துக்கு எதிரேயும் ‘ஏ’யை எழுதிவிடுங்கள். எழுதி முடித்ததும் ‘பீ’க்கு என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.